அவனுக்குப் பேடி

1

நம் ஊர்க்காரர்களுக்கான இந்த மாதாந்தர இதழில் நான் வழக்கமாக எழுதுவது சின்ன விஷயங்கள். இங்கே மழை எப்படிப் பெய்கிறது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு எப்படி நன்றி சொல்கிறார்கள், ஆப்பிரிக்கக் கடையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, மெழுகு பூசிக் கிடைக்கிறது, இப்படி. படித்தவர்களில் சிலர் போன் செய்து நன்றாக இருக்கிறது என்பார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச வராதவன் என்பதால் எழுதுவது எனக்கு வசதி. இந்த முறை அந்த வசதி இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இருப்பது அயர்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு சிறு ஊரில். மனைவி சுகந்தி இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையின் பின்னால் வந்தவன் நான். நம் குமரி மாவட்டத்தில் என்னைப் போல மனைவியின் விசாவில் விமானம் ஏறியவர்கள் நிறைய. எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். வந்து இந்த ஜூலையோடு பதினெட்டு ஆண்டுகள்.

வந்த புதிதில் அடையாள அட்டை வாங்கப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஐ ஆம் அஃப்ரெய்டு" என்று ஆரம்பித்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்த என் ஆங்கிலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்னைப் பார்த்தா இந்தப் பெண் பயப்படுகிறாள் என்று நினைத்து இரண்டடி பின்னால் நகர்ந்தேன். எனக்குக் கேட்கவில்லையோ என்று அவள் குரலை உயர்த்தினாள். நான் இன்னும் ஓரடி பின்னால் போனேன். சுகந்திதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க? அட்டை இன்னும் வரல்லியாம். அதத்தான் அப்படிப் பறயுகா." இங்கே எல்லோரும் நாளெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பால் தீர்ந்துவிட்டால் அஃப்ரெய்டு, பஸ் போய்விட்டால் அஃப்ரெய்டு. யாரும் எதற்கும் பயந்ததாகத் தெரியவில்லை.

அந்த அட்டையில் அப்பாவின் பெயர் என் பெயராக ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டில் அருள்தாஸ் ஞானமுத்து என்று இருந்ததால் இங்கே நான் மிஸ்டர் ஞானமுத்து. திருத்தச் சொல்லி இரண்டு தடவை மனுக் கொடுத்தேன். இரண்டு தடவையும் மிஸ்டர் ஞானமுத்துவுக்குப் பதில் வந்தது. பிறகு விட்டுவிட்டேன். ஊரில் என்னைக் கூப்பிட்டது இந்த இரண்டு பெயராலும் அல்ல. குட்டன் என்றுதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. நான்கு வயதில் இங்கே வந்த என் மகள் ஷெரினுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது.

2

ஷெரினுக்கு இப்போது இருபத்திரண்டு. டப்ளினில் படம் எடிட் செய்யும் ஒரு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் தமிழில்தான் பேசுவாள். ஆனால் அது அவளாகச் செய்துகொண்ட தமிழ். "அப்பா, நீ சாப்பிட்டீங்களா?" என்பாள். மரியாதையும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். திருத்தினால் பேசுவதையே நிறுத்திவிடுவாள் என்று நான் திருத்துவதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, ஒரு ஹெல்ப் வேணும். நீவ்னு எங்க டைரக்டர் இருக்கா இல்ல, அவ ஒரு பாட்டுக்காரரைப் பத்தி டாக்குமெண்டரி எடுக்கறா. நியூ வேவ் பாட்டுக்காரர். கன்னியாகுமரிப் பக்கமாம். சென்னையில ஒருத்தர் சப்டைட்டில் எழுதிக் கொடுத்தார். நிறைய இடத்துல புள்ளி புள்ளியா விட்டிருக்கார். இது தமிழா, மலையாளமா? நீ கேட்டுப் பாருங்க."

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு ரப்பர் தோட்டம். விடியற்காலை. நெற்றியில் லைட் கட்டிய ஒரு வயதான மனிதர் மரம் மரமாகப் பட்டையைச் சீவிப் போகிறார். சீவிக்கொண்டே பாடுகிறார். உடம்பு அசையவில்லை. கழுத்து மட்டும் பல்லியைப் போல வெடுக்கென்று இடமும் வலமும் திரும்புகிறது. குரல் பெண்குரல் போல உச்சிக்குப் போய், அங்கிருந்து ஒரு படியும் இல்லாமல் அடியில் விழுகிறது.

முகம் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹென்றி அண்ணன்.

3

களியக்காவிளைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அலை ஹென்றியைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனார். அங்கே இரவில் வாசிக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களின் பாட்டுக் குழு ஒன்று இருந்தது. தாளம் உள்ளேயே அடிக்கும் கீபோர்டையும், வெள்ளைக்காரர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இயந்திரம் மாதிரி நின்று பாடும் பாட்டுகளையும் அவர்கள்தான் அவருக்குக் காட்டினார்கள். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு கீபோர்டும் ஒரு பெட்டி கேசட்டும் கொண்டுவந்து, நோட்டீஸ் அடித்தார்: புதிய அலைப் பாடகர் ஹென்றி.

முதல் நிகழ்ச்சி இனயம் என்ற கடற்கரை ஊரில் ஒரு கல்யாண வீட்டில். நோட்டீசைப் படித்த ஒரு மீன்பிடிக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "புதிய அலையா? பழைய அலையே எனக்க வீட்டக் கொண்டு போச்சு. இனி நீ வேற வந்தியா?" அன்றிலிருந்து அவர் அலை ஹென்றி.

எங்களை என்று எழுதினேன். கீபோர்டு வாசித்தது நான்தான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது; எங்கள் சர்ச் சபைப் பாடகர் குழுவிலும் நான்தான் வாசித்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேடைக்கு முன்னால் அவர் முகத்தில் மரச்சீனி மாவைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பதும் என் வேலை. கண்ணைச் சுற்றி விடாமல், காது ஓரம் வரை தேய்க்க வேண்டும். பாடப் பாட அது காய்ந்து வெடிக்கும். தோளுக்கு, உலர்ந்த ரப்பர் ஷீட்டை வெட்டி இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டி வைத்துத் தைத்த கோட்டு. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையின் வாடை மேடை முழுக்க அடிக்கும். "ஏலே, ஷீட்டு உணங்கியாச்சு, எடுத்து உள்ள போடு" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நிற்பார். பிறகு பாடுவார்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அதில் ஒரு விரல் அசைவுகூடத் தற்செயல் அல்ல. கழுத்து எத்தனையாவது தாளத்தில் திரும்ப வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். தவறிவிட்டால் என்னைத் திரும்ப வாசிக்கச் சொல்வார். "மக்கா, அவிய சிரிக்கட்டு. சிரிச்சவன் வீட்டுக்குப் போய் இதத்தான் பாடுவான்" என்பார். அது உண்மையாகவும் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாடி ஒரு கேசட் போட்டார். அதன் பிரதி ஒன்று களியக்காவிளையில் பழைய சாமான் கடையில் கிடந்து, சுற்றுலா வந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் போய், இணையத்தில் ஏறி, நீவ் என்ற இந்தப் பெண்ணின் காதுக்கு வந்திருக்கிறது. இதை ஷெரின் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளிடம் நான் அப்போது சொன்னது இவ்வளவுதான்: "நம்ம பக்கத்து ஆளுதான். கேட்டதுண்டு."

4

புள்ளி விட்டிருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். கொள்ளாம் என்றால் பரவாயில்லை, நல்லது. பறஞ்சான் என்றால் சொன்னான். ஷெரின் தட்டிக்கொண்டே வந்தாள். படத்தின் முடிவில் ஹென்றி அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காமிராவைப் பார்க்காமல் ரப்பர் பால் வாளியைக் கழுவியபடியே பேசுகிறார்.

"அந்தப் பயலுக்க பேரு குட்டன். கீபோர்டு வாசிப்பான். கமிட்டியில ஆளு கூடிக் கேட்டப்பம் தெரியாதுன்னு பறஞ்சிட்டான். நான் என்னத்தச் சொல்லது? அவனுக்குப் பேடி. அவ்வளவுதான். கொள்ளாம், போட்டு."

கீழே ஆங்கிலத்தில் ஓடியது. ஷெரின் அதைத் தமிழாக்கி எனக்குச் சொன்னாள்: "அவன் பார்வையில் நான் ஆணே இல்லை."

சென்னைக்காரர் மேல் குற்றம் இல்லை. அவர் ஊர்த் தமிழில் பேடி என்றால் ஆண்மையில்லாதவன், வசைச்சொல். அவனுக்கு நான் பேடி என்று வாசித்துவிட்டார். நம் மேற்குப் பக்கத்தில், மலையாளத்தோடு ஒட்டி, பேடி என்றால் பயம். இருட்டைக் கண்டால் பேடி, பாம்பைக் கண்டால் பேடி. ஹென்றி அண்ணன் சொன்னது, அவன் பயந்துபோனான் என்று.

"இதுதான் படத்தோட டைட்டிலே அப்பா" என்றாள் ஷெரின். "நீவ் இந்த லைன்லதான் முழுப் படத்தையும் கட்டியிருக்கா. முகத்துல மேக்கப், அந்த வாய்ஸ், சர்ச் அவரை வெளியே போடுறது, ஃப்ரெண்டே அவரைக் கேவலமாப் பேசுறது. ரொம்ப பவர்ஃபுல். இது சரிதானே?"

சரி என்று சொன்னால் முடிந்தது. அவளுக்கு வித்தியாசம் தெரியாது. படத்தைப் பார்க்கப் போகிற ஒருவருக்கும் தெரியாது. குட்டன் யார் என்று கேட்கவும் ஆளில்லை. தப்பு என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள்.

"திங்கட்கிழமை சொல்லுகேன்" என்றேன். "ஒருக்கா யோசிக்கணும்."

"ஒரு வார்த்தைக்கா?" என்று சிரித்தாள்.

5

அன்று அந்தப் பந்தலில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். முப்பது ஆண்டுக்கு முந்தைய எங்கள் சபை ஆண்டு விழாவைச் சொல்கிறேன். சிறுவர் நடனம் முடிந்து, தனிப்பாடல் என்று அறிவித்தார்கள். ஹென்றி அண்ணன் வெள்ளை முகமும் ரப்பர் தோளுமாக ஏறினார். அன்று கீபோர்டு இல்லாமல் அவர் பாடியது அவரே கட்டிய பாட்டு. மனிதன் செத்து மேலே போகிறான். அங்கே களியக்காவிளை மாநில எல்லையில் இருப்பது போல ஒரு செக்போஸ்ட். கடவுள் காக்கி உடுப்பில் நிற்கிறார்.

பெட்டியில என்ன? ஒண்ணுமில்ல சார்.
மடியில என்ன? ஒண்ணுமில்ல சார்.
மனசில என்ன? ஒண்ணுமில்ல சார்.
ஒண்ணுமில்லாம இவ்வளவு கனமா?

கடைசி வரியை அவர் அடிக்குரலில், மெல்லச் சொன்னார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பின்வரிசைகள். பிறகு முன்வரிசையில் மூப்பர்கள் எழுந்தார்கள். கடவுளைச் செக்போஸ்ட் போலீசாக்கிவிட்டான் என்று ஒருவர் மைக்கைப் பிடுங்கினார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. ஹென்றி அண்ணன் ஒரு ஓரத்தில் நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள். செயலாளர்தான் கேட்டார்.

"ஏலே குட்டா, இவன் இந்தக் கோலத்துல வரப்போறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மொகத்துல பூசினது ஆரு?"

"தெரியாது."

"நீ கூடவே சுத்துகவன்தானே. இவனுக்குப் புத்தி நேராத்தான் இருக்கா? அத மட்டும் பறஞ்சா போதும்."

அந்தச் செயலாளரின் தம்பி சவுதியில் எனக்கு விசா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தங்கை இரண்டு பேர் கல்யாணத்துக்கு இருந்தார்கள். இதெல்லாம் காரணங்கள். உண்மை என்னவென்றால், இருபது பெரிய மனிதர்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். கழுவியும் போகாத மாவு விரல் நகங்களுக்குள் வெள்ளையாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தெரியாது" என்றேன் மூன்றாவது தடவையாக.

முதல் இரண்டு 'தெரியாது' என்னைக் காப்பாற்றின. மூன்றாவதுதான் அவரைக் கொன்றது. புத்தி நேராக இருக்கிறது, அவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தார், நானும் சேர்ந்துதான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் திட்டி, மன்னிப்புக் கேட்கச் சொல்லி விட்டிருப்பார்கள். கூட இருக்கிறவனே தெரியாது என்றதும், தீர்மானப் புத்தகத்தில் மனநிலை சரியில்லாதவர் என்று எழுதிப் பாடகர் குழுவிலிருந்து நீக்கினார்கள். இரக்கப்பட்டு எழுதியதாகவே நினைத்தார்கள். அந்தச் சொல் ஊர் முழுக்க நடந்தது. அருமனைப் பக்கம் பேசி முடித்திருந்த அவர் கல்யாணம் நின்றது. கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடுவது நின்றது. சொகமில்லாத ஆளு, அவனை விடு என்றார்கள்.

அன்று கமிட்டியில் அவர் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் இரண்டு மாதத்தில் சவுதிக்குப் போய்விட்டேன். விடுமுறையில் வரும்போதெல்லாம் அவர் வீட்டு வழியை விட்டுச் சுற்றிப் போவேன்.

6

அந்த வாரம் சலவை அறையில் நிறையத் தப்புச் செய்தேன். ஒரு மூதாட்டியின் பாவாடையை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் அதைக் கையில் பிடித்தபடி வந்து, தனக்கு இடுப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திங்கட்கிழமை வந்து போனது. ஷெரின் மெசேஜ் அனுப்பினாள். வேலை அதிகம் என்று பதில் போட்டேன். படத்தை அனுப்ப வேண்டிய நாள் நெருங்குகிறது என்று இன்னொரு மெசேஜ் வந்தது.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. பேடி என்பதற்கு ஆங்கிலத்தில் அஃப்ரெய்டு என்றுதான் போட வேண்டும். பால் தீர்ந்ததற்குச் சொல்லும் அதே சொல். அவன் பயந்துபோனான் என்று இந்த ஊரில் எழுதினால் அதற்கு என்ன கனம் இருக்கும்?

அடுத்த வாரமும் வீட்டுக்கு வந்திருந்த ஷெரினை ஞாயிறன்று பஸ் நிலையத்தில் விடப் போனேன். மழை. பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. காருக்குள் உட்கார்ந்திருந்தோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மோளே, அந்த சப்டைட்டில் தப்பு. ஆணில்லைன்னு அவர் சொல்லல்ல. அந்தக் குட்டன் பயந்துபோனான்னு சொல்லுகார்."

"நோ அப்பா. சென்னைக்காரர் டிக்ஷனரியே அனுப்பினார்."

"டிக்ஷனரியில அப்படித்தான் இருக்கும். நம்ம ஊர்ல அப்படி இல்ல."

"நீ எப்படி அவ்வளவு ஷ்யூரா இருக்கீங்க? இதை மாத்தினா படத்தோட பேரே போயிடும். முழு எண்டிங் போயிடும். நீவ் என்னைக் கேப்பா. அதோட, ஒருத்தர் ஆண் மாதிரி இல்லாம இருந்தா அதுல என்ன தப்பு? உங்க ஜெனரேஷன்தான் அதை மறைக்கப் பாக்கும்."

"தப்பு ஒண்ணும் இல்ல மோளே. ஆனா அவர் பறஞ்சது அது இல்ல. ஊர்க்காரங்க ஏற்கெனவே அவருக்கு ஒரு பேரு வச்சாச்சு. அவர் சொல்லாத இன்னொண்ண நாம வைக்க வேண்டாம்."

"அதான் கேக்கறேன். நீ எப்படிச் சொல்றீங்க?"

"அந்தக் குட்டன் நான்தான்."

வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது. அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். நான் திரும்பவில்லை. முழுவதையும் சொன்னேன், மூன்று தடவை தெரியாது என்றதையும்.

"நீயா?" என்றாள் கடைசியில். அந்த ஒரு தடவை அவள் தமிழ் சரியாக இருந்தது. "அவர் உன் ஃப்ரெண்டு. ஏன் அப்படிச் சொன்னே?"

"பேடி" என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை.

அவள் மெல்ல, "ஓ. அதுதான் அந்த வேர்டா" என்றாள்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நீவுக்கு போன் செய்தாள். நீண்ட நேரம் பேசினாள். நீவ் கோபப்படவில்லையாம், ஆனால் யாரோ ஒரு அப்பா சொன்னார் என்பதற்காகப் படத்தை மாற்ற முடியாது, ஹென்றி தன் வாயால் சொல்லட்டும், அவரிடமே கேளுங்கள் என்றாளாம்.

"நம்பர் என்கிட்ட இருக்கு" என்றாள் ஷெரின். "நான் பேசினா அவருக்குப் புரியாது. நீதான் பேசணும்."

7

மறுநாள் காலை பேசினேன். அங்கே மத்தியானம், பால் எடுத்து முடித்து வீட்டுக்கு வந்திருப்பார். சமையலறை மேசையில் போனை வைத்து, ஷெரின் பக்கத்தில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டாள். சுகந்திக்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். அவள் கதவருகில் நின்றாள்.

"ஆராக்கும்?"

"அண்ணே, நான்... குட்டன்."

"எந்தக் குட்டன்?"

"கீபோர்டு குட்டன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏலே சவமே" என்றார். "நீ அயர்லாண்டுல மழ பெய்யுத கதையெல்லாம் மாசாமாசம் எழுதுகியே, நான் வாசிக்கது உண்டு, கேட்டியா. அருள்தாஸ் ஞானமுத்துன்னு போட்டிருப்பானுவ. எனக்குத் தெரியும் ஆளு ஆருன்னு. ஆப்பிள் மரத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினே. ஒரு மரத்துக்கு எதுக்குலே ரெண்டு பக்கம்?"

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சப்டைட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

"பேடின்னா அவியளுக்கு அப்பிடியா? அப்பம் நான் படம் முழுக்க என்னவா நிக்கேன்? கொள்ளாம்லே! நல்ல பொண்ணாக்கும் அந்த வெள்ளக்காரச் சாயிப்பு பொண்ணு. ஒரு மாசம் எனக்கூட ரப்பர் விளையில நடந்தா. ஆனா பறஞ்சது ஒண்ணும் மனசிலாகல்ல போலிருக்கு. மாத்தச் சொல்லு. அவனுக்குப் பயம்னு பறஞ்சேன். பயம். போதுமா?"

ஷெரின் தலையாட்டினாள். இனி என் முறை. காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்காமலேயே சொன்னேன்.

"அண்ணே, அண்ணைக்கு நான் பறஞ்சது..."

"அதத்தான் நான் படத்துலயே பறஞ்சாச்சே. உனக்குப் பேடி. எனக்கும் பேடிதான்லே. கால் ரெண்டும் ஆடிச்சு. மொகத்துல மாவு இருந்ததுனால ஒருத்தனுக்கும் தெரியல்ல."

அவருக்குப் பின்னால் ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு வந்த குரலில் சிரிப்பு இல்லை.

"ஆனா குட்டா, ஒண்ணு பறயட்டா? இங்கிலீசுல நீ திருத்தியாச்சு. அத இஞ்ச ஆரு பாக்கப்போறா? நமக்க சபைப் புத்தகத்துல இப்பவும் நான் சொகமில்லாதவன்தான். போன மாசம் கூட ஒரு சின்னப் பொண்ணு ஸ்டோர்ல வச்சு அம்மகிட்ட கேக்குகா, இந்தத் தாத்தா கடிப்பாரான்னு. நான் கடிக்கவா செய்வேன்? அறுபத்து நாலு வயசாச்சு. நான் சாவேன். நான் செத்தப் பொறவும் அந்தப் புத்தகம் இருக்கும்."

"நான் என்ன செய்யணும் அண்ணே?"

"மழையப் பத்தி எழுதுத பக்கத்துல அத எழுதுலே. ஆப்பிளுக்கு ரெண்டு பக்கம் எழுதினவனுக்கு இதுக்கு ஒரு பக்கம் வராதா?"

போனை வைத்த பிறகு ஷெரின் புதிய வரியைத் தட்டினாள். அஃப்ரெய்டு என்ற சொல் போதுமா என்று கேட்டேன். படத்தில் அவர் வாளி கழுவும் சத்தம் நின்று, அந்த அமைதியில் இது வரும், போதும் என்றாள். படத்துக்கு இன்னும் வேறு பெயர் கிடைக்கவில்லை. முடிவை மாற்றி வெட்டுவதற்காக அவளுக்கு மூன்று வாரம் கூடுதல் வேலை. அவள் அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. போன் செய்யும்போது மட்டும் முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள். அது எனக்கு வர வேண்டியதுதான்.

8

சபைக் கமிட்டியில் இப்போது இருப்பவர்களுக்கும், அன்று பந்தலில் சிரித்தவர்களுக்கும், ஸ்டோரில் பயந்த அந்தச் சிறுமியின் அம்மாவுக்கும்:

முப்பது ஆண்டுக்கு முன்னால், ஆண்டு விழாவுக்கு மறுநாள் ஞாயிறு, நான் கமிட்டி முன்னால் சொன்ன மூன்று பதில்களும் பொய். ஹென்றி அண்ணன் அந்தக் கோலத்தில் வரப்போவது எனக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். அவர் முகத்தில் மாவு தேய்த்தவன் நான். அவருக்குப் புத்தி நேராக இருந்தது. அன்று அந்தப் பந்தலில் இருந்த எங்கள் பலரையும்விட நேராக இருந்தது. தீர்மானப் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, எனக்கு எதிராக எதை எழுத வேண்டுமோ அதை எழுதுங்கள். இந்த இதழில் ஒரு பக்கம் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் மாதம் டிக்கெட் எடுத்திருக்கிறேன். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியைக் கூட்டுங்கள். எல்லோர் முன்னாலும் என்னிடம் அதே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.